பத்து நாள் வெளியூர் போகும்போது வீட்டுக் கோழிகளையும் முட்டைகளையும் என்ன செய்வது?

எட்டு நாட்டுப் பெட்டைகளும் ஒரு சேவலும் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். மே மாதம் பத்து நாள் வெளியூர் போகிறீர்கள். தீவனத்தையும் தண்ணீரையும் மொத்தமாக வைத்துவிட்டுப் போனால் போதுமா, அதற்குள் இடுகிற முட்டைகள் கெட்டுப்போகாதா என்பது உங்கள் கேள்வி.

போதாது. தீவனம், தண்ணீருக்காவது ஏதாவது ஏற்பாடு செய்துவிடலாம். பொழுது சாய்ந்ததும் எண்ணிப் பார்த்துக் கதவை அடைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் கிடைத்த பிறகுதான் நான் பஸ்ஸுக்கே டிக்கெட் எடுப்பேன்.

எங்கள் வீடு பெரியகுளம் பக்கம், தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்காக நான்கு நாள் சென்னை போனோம். ஒரு அகலத் தட்டில் கம்பு, நிழலில் மூன்று சட்டித் தண்ணீர், கூண்டுக் கதவு திறந்தபடி. இருட்டும் நேரத்தில் கோழிகள் தாமாகவே வந்து அடைந்துகொள்ளும் என்று விட்டுவிட்டேன். அவை வந்து அடையத்தான் செய்தன. திரும்பி வந்தபோது ஒன்பதில் ஐந்துதான் இருந்தன. இரண்டு கழுத்துக் கடிபட்டுக் கூண்டுக்குள்ளேயே கிடந்தன, இரண்டைக் காணவில்லை. மரநாய் என்று மாமனார் பார்த்ததுமே சொன்னார். தட்டில் பாதிக் கம்பு அப்படியே இருந்தது. அதைப் பார்த்து அழுதது இன்னும் நினைவிருக்கிறது.

இப்போது பக்கத்து வீட்டு அத்தைதான் எங்களுக்குத் துணை. கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே சாயங்காலம் அவரை வரச்சொல்லி, அவர் கையாலேயே இரை போட வைப்பேன். 'பா... பா...' என்று அவர் கூப்பிடுகிற குரலும் கோழிகளுக்குப் பழகவேண்டும். எந்தக் கோழி கடைசியாக வரும், எது கூண்டுக்கு வராமல் முருங்கை மரத்தில் ஏறும் என்பதையெல்லாம் அவர் கண்ணால் பார்த்துவிடுவார். கூண்டில் எலி போகிற அளவு ஓட்டை இருந்தாலும் அப்போதே அடைத்துவிடுங்கள். பகலில் கீரி வரும். முட்டைக்கும் குஞ்சுக்கும் அதுதான் பெரிய எதிரி.

தீவனக் கணக்கு சுலபம். நாள் முழுக்க அடைத்து வைத்தால் ஒரு கோழிக்கு 100 முதல் 120 கிராம் வரை ஆகும். உங்கள் ஒன்பதுக்குப் பத்து நாளைக்குப் பத்துப் பதினோரு கிலோ வாங்கினால் சரியாக இருக்கும். வெளியே மேய்கிற கோழி என்றால் அதில் பாதி போதும். ஒரு நாளைக்கு ஒரு பையாகக் கட்டிக் கொடுத்துவிடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். தண்ணீர்தான் மே மாதத்தில் முக்கியம். காலையில் ஊற்றியது மதியத்துக்குள் சூடாகிவிடும், சூடான தண்ணீரைக் கோழி சரியாகக் குடிக்காது. மண்சட்டியில், நிழலில், இரண்டு இடத்தில் வைத்து, மதியம் ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம் முட்டை. நாட்டுக்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். நீங்கள் எடுக்காமல் விட்டால் முட்டைகள் சேரச் சேர அதற்கு உட்காரும் எண்ணம் வந்துவிடும். சேவல் இருப்பதால் உங்கள் முட்டைகள் பெரும்பாலும் கருக்கூடியவை. நம் ஊர் கோடையில் கோழி உட்காராவிட்டாலும் வெயிலின் சூட்டிலேயே கரு கொஞ்சம் வளரத் தொடங்கிவிடும். அது முழுசாகவும் வளராது, சும்மாவும் இருக்காது, முட்டை கெட்டுப்போகும். அதனால் தினமும் எடுத்தே ஆகவேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் எடுத்துவிடக் கூடாது. முட்டை இடுகிற கூடை காலியாகக் கிடந்தால் கோழி வேறு மறைவிடம் தேடிப் போய்விடும். ஒரு முட்டையில் பென்சிலால் சுற்றிலும் ஒரு கோடு போட்டு விட்டுவையுங்கள். கோடு போட்டது கூடையில் இருக்கட்டும், மற்றதை எடுங்கள் என்று சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை அதை மாற்றிவிட்டுப் புதிதாக ஒன்றில் கோடு போடவேண்டும். எடுக்கிற முட்டைகள் எல்லாம் பார்த்துக்கொள்கிறவருக்குத்தான். எத்தனை கிடைத்தது என்று நான் கேட்பதே இல்லை. வெயிலில் இரண்டு வேளை நம் வீட்டுக்கு நடந்து வருகிறவரிடம் முட்டைக் கணக்குக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏற்கெனவே வீட்டில் இருக்கிற முட்டைகளைக் கழுவாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள், கூர்முனை கீழே இருக்கும்படி. ஓட்டின் மேல் இயற்கையாக இருக்கிற மெல்லிய பூச்சு கழுவினால் போய்விடும், அப்புறம் சீக்கிரம் கெடும். ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுப் போகிறவர் என்றால் யாருக்காவது கொடுத்துவிட்டுப் போங்கள்.

என்னதான் சொன்னாலும் ஒரு கோழி எங்காவது ஒளித்து இட்டிருக்கும். போன வருடம் நாங்கள் திரும்பி வந்தபோது, ஒரு பெட்டை தென்னை மட்டைக் குவியலுக்குப் பின்னால் போய்க் கேறியது. பார்த்தால் ஒன்பது முட்டைகள். வாளித் தண்ணீரில் போட்டேன். நான்கு அடியில் படுத்தன, இரண்டு குண்டுமுனை மேலே தூக்கி நின்றன, மூன்று மிதந்தன. மிதந்ததை யோசிக்காமல் குழியில் புதைத்தேன். ஆனால் தண்ணீர்ச் சோதனை முட்டை பழையதா என்றுதான் காட்டும், கரு வளர்ந்திருக்கிறதா என்று காட்டாது. அதனால் மீதி ஆறையும் துடைத்து, இருட்டறையில் ஒவ்வொன்றாக உள்ளங்கைக்குள் பொத்தி, கீழிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நல்ல முட்டை இளஞ்சிவப்பாக ஒரே சீராகத் தெரியும். நின்ற இரண்டில் ஒன்றில் சிலந்தி கால் பரப்பினது போல ரத்த நரம்புகள் ஓடியிருந்தன. அதையும் தள்ளிவிட்டு, மற்ற ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தம்ளரில் உடைத்து மோந்து பார்த்த பிறகுதான் சட்டியில் ஊற்றினேன்.

இப்போது எந்தக் கோழியாவது அடைக்கு உட்காரப் பார்க்கிறதா? முட்டை வைத்த நாளிலிருந்து 21 நாள் எண்ணிப் பாருங்கள். அந்த நாள் பயணத்துக்குள் விழுந்தால் வைக்கவே வைக்காதீர்கள். பொரித்த குஞ்சுகளைப் பருந்துக்கும் காக்காய்க்கும் காவல் காப்பது அடுத்த வீட்டுக்காரர் தலையில் கட்டுகிற வேலை இல்லை. நீங்கள் திரும்பிய பிறகுதான் பொரிக்கும் என்றால் பயமில்லை. அடைக்கோழி ஒரு நாளைக்கு ஒருமுறை எழுந்து தின்று குடித்துவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்திலேயே இரையும் தண்ணீரும் இருந்தால் போதும்.

கோடையில் வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய் வந்தால் ஒரே வாரத்தில் கூண்டே காலியாகும். தடுப்பூசி போடவில்லை என்றால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள். கோழிகளைச் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விடலாமா என்றால், நான் விடமாட்டேன். அங்கிருக்கிற கோழிகளோடு கொத்திக்கொள்ளும், நோயும் இரண்டு பக்கமும் தொற்றும். வேறு வழியே இல்லை என்றால் பஞ்சாரத்தில், அதாவது கோழி மூடுகிற கூடையில், கவிழ்த்துத் தனியாகவே வைக்கச் சொல்லுங்கள்.

திரும்பி வந்ததும் சில நாள் முட்டை குறைந்திருந்தால் கவலைப்படாதீர்கள். வெயிலும் ஆள் மாறியதும் சேர்ந்து அப்படி ஆகும். எங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் பழையபடி இடத் தொடங்கிவிடும்.