மனசுக்கு ஒரு பதில்: ‘பாசிட்டிவாக இரு’ என்கிறார்கள், எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இந்த முறை வந்த கடிதங்களில் ஒரே அறிவுரை திரும்பத் திரும்ப வருகிறது: ‘பாசிட்டிவாக இரு’. சொல்பவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். எப்படி இருப்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அந்த ‘எப்படி’க்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். மாதக் கடைசியில் செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பதிவேடு) முடிக்கும்போது கை நடுங்குகிறது. போன மாதம் இரண்டு பேர் சம்பளத்தில் தவறு வந்து, மானேஜர் எல்லார் முன்னாலும் ஏசிவிட்டார். நண்பர் சொன்னபடி தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று, ‘நான் திறமைசாலி, என்னால் எல்லாம் முடியும்’ என்று பத்து முறை சொல்கிறேன். இரண்டு மாதம் ஆகிறது, பதற்றம் கூடித்தான் போகிறது. நான் சரியாகச் செய்யவில்லையா?

பதில்: நீங்கள் சரியாகத்தான் செய்கிறீர்கள். குறை அந்த வாக்கியத்தில் இருக்கிறது. எந்த வாக்கியத்தைச் சொன்னாலும் மனம் உடனே அதற்குச் சாட்சி தேடும். ‘என்னால் எல்லாம் முடியும்’ என்றதும், ‘அப்புறம் போன மாதம் என்ன ஆச்சு?’ என்று உள்ளேயே ஒரு குரல் கேட்கும். பத்து முறை சொன்னால் பத்து முறை கேட்கும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோவேன் வுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் இதுதான் தெரிந்தது. தன்மதிப்பு குறைந்தவர்கள் தங்களைப் பற்றிய நல்ல வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட மனம் சோர்ந்தார்கள். ஏற்கெனவே தன்னம்பிக்கை உள்ளவர்களுக்குத்தான் சிறிது பலன் கிடைத்தது. ஆகவே கண்ணாடி வாக்கியத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

அதற்குப் பதிலாக, அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960-களில் வகுத்த சிகிச்சை வழியிலிருந்து வந்த ஒரு பயிற்சியைச் சொல்கிறோம். ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து, இரண்டு பக்கத்திலும் சேர்த்து ஐந்து கட்டம் போடுங்கள்.

முதல் கட்டத்தில் நடந்ததை மட்டும் எழுத வேண்டும். கேமராவில் பதிவாவது எதுவோ அதுதான் ‘நடந்தது’. ‘25-ஆம் தேதி மாலை 4 மணி, செக்ரோலை மானேஜர் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும்’ என்பது போல. இரண்டாவதில் உணர்ச்சியை ஒரே சொல்லில் எழுதி, நூற்றுக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போடுங்கள்: பயம், 80. மூன்றாவதில் அந்த நேரத்தில் ஓடிய எண்ணத்தை மெருகூட்டாமல், மனதில் வந்த பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள்: ‘இந்தத் தடவையும் தப்புப் பண்ணப் போறேன், வேலை போயிடும்.’

நான்காவது கட்டம்தான் முக்கியம். நடுவில் ஒரு கோடு கிழித்து, அந்த எண்ணத்துக்கு ஆதரவான சாட்சியை ஒரு பக்கமும் எதிரான சாட்சியை மறுபக்கமும் எழுத வேண்டும். ஆதரவான சாட்சியை மறைக்கக் கூடாது. போன மாதம் இரண்டு தவறு நடந்தது உண்மை, அதை எழுதுங்கள். செக்ரோலில் 120 பெயர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 118 பேர் சம்பளம் சரியாக இருந்தது, அதையும் எழுதுங்கள். வேலை போகும் என்பதற்கு எச்சரிக்கைக் கடிதம் ஏதாவது வந்ததா? இல்லையென்றால் அதுவும் சாட்சிதான். அந்த இரண்டு தவறும் செக்ரோலின் எந்தப் பகுதியில் நேர்ந்தன என்று தேடிப் பாருங்கள். இரண்டும் உதிரிப்பழக் (குலையிலிருந்து உதிர்ந்த பழங்கள்) கணக்கில் என்றால், பிரச்சினை உங்கள் திறமையில் இல்லை, அந்த ஒரே ஒரு பகுதியில் இருக்கிறது.

ஐந்தாவதில் திருத்திய வாக்கியமும் அடுத்த செயலும் சேர்ந்து வர வேண்டும். ‘போன மாதம் இரண்டு பேர் கணக்கு தப்பியது, இரண்டும் உதிரிப்பழ எடையில். இந்த மாதம் அந்தப் பகுதியை 24-ஆம் தேதியே மண்டோர் (தொழிலாளர் மேற்பார்வையாளர்) சீட்டோடு ஒப்பிட்டுவிடுவேன்.’ எழுதி முடித்ததும் பயத்துக்கு மறுபடி மதிப்பெண் போடுங்கள். 80 இருந்தது 50 ஆனாலே பயிற்சி வேலை செய்கிறது. பூச்சியத்துக்கு இறக்க முயல வேண்டாம். சம்பளக் கணக்குப் பார்ப்பவருக்குக் கொஞ்சம் பயம் இருப்பது நல்லது.

பலர் தடுக்கி விழும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். மூன்றாவது கட்டத்தில் ‘கவலையாக இருக்கிறது’ என்று எழுதுவார்கள். அது உணர்ச்சி, எண்ணம் அல்ல. எழுதியதைப் பார்த்து ‘இது உண்மையா?’ என்று கேட்க முடிந்தால்தான் அது எண்ணம். ஐந்தாவது கட்டத்தில் பழைய கண்ணாடி வாக்கியமே திரும்பி வரும். உங்கள் வேலையை அறிந்த மண்டோர் அதைப் படித்தால் ‘ஆமாம், சரிதான்’ என்பாரா என்று யோசியுங்கள், தெரிந்துவிடும். எழுதாமல் மனதிலேயே செய்து பார்ப்பது இன்னொரு தவறு. எழுதினால்தான் எண்ணம் ஓரிடத்தில் நிற்கும், இல்லையென்றால் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மதிப்பெண் 90-க்கு மேல் போனால் எழுத வராது. முதலில் மூச்சைச் சரிசெய்யுங்கள். மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். ஐந்து நிமிடம் போதும். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும், அதனால்தான் விடும் நேரம் நீளமாக இருக்க வேண்டும். பெரிது பெரிதாக இழுத்தால் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறித் தலை சுற்றும், சாதாரண அளவிலேயே இழுங்கள்.

நாளுக்கு ஒரு பதிவு, பத்து நிமிடம், இரண்டு வாரம். முதல் சில நாள் செயற்கையாகத்தான் தோன்றும். பிறகு புரட்டிப் பார்த்தால், ஒரே மாதிரியான எண்ணமே வேறு வேறு சட்டை போட்டு வருவது தெரியும். ஒரு தவறு என்றால் எல்லாமே போச்சு என்பது, அடுத்தவர் மனதில் இருப்பது எனக்குத் தெரியும் என்பது, வரப்போவதில் மோசமானதே நடக்கும் என்பது. உங்களுடையது எது என்று அடையாளம் தெரிந்தால் அடுத்த முறை பாதி வழியிலேயே பிடித்துவிடலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எண்ணத்தைத் திருத்துவது வேறு, அவமானத்தை விழுங்குவது வேறு. ‘தவறு இருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் சார், உடனே திருத்துகிறேன்’ என்று மானேஜரிடம் அமைதியான ஒரு நாளில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பலன் இல்லையென்றால் தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் பேசுங்கள்.

கேள்வி: செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட். காலையில் வீட்டுக்கு வந்து படுத்தால் கடன், பிள்ளைகள், அம்மாவின் மருந்து என்று ஒன்று மாற்றி ஒன்று ஓடுகிறது. நினைக்கக் கூடாது என்று கண்ணை இறுக மூடினால் இன்னும் அதிகமாகிறது.

பதில்: அதிகமாகத்தான் செய்யும். 1987-இல் அமெரிக்காவில் டேனியல் வெக்னர் குழுவினர், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருக்கும்படி சிலரிடம் சொன்னார்கள். கரடி வந்துகொண்டே இருந்தது. தடை நீங்கிய பிறகு இன்னும் அதிகமாக வந்தது. ஒரு எண்ணத்தை விரட்ட, அது வருகிறதா என்று காவல் பார்க்க வேண்டும். அந்தக் காவலே அதைக் கூட்டி வருகிறது.

விரட்டாமல் அதற்கு ஒரு நேரம் கொடுங்கள். வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்ட பிறகு 20 நிமிடம். இடம் சமையலறை மேசையாக இருக்கட்டும், கட்டில் கூடாது. ஓடுவதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘இந்த வாரம் நான் செய்யக்கூடியது’ அல்லது ‘என் கையில் இல்லை’ என்று குறியுங்கள். அம்மாவின் மருந்து முதல் வகை: எந்தக் கிழமை, யார் கிளினிக்குக்குப் போவது என்றுவரை எழுதுங்கள். செம்பனை விலை இரண்டாம் வகை, அதன் பக்கத்தில் எதுவும் எழுத வேண்டாம். 20 நிமிடம் ஆனதும் தாளை மடித்து வைத்துவிடுங்கள். படுத்த பிறகு அதே எண்ணம் வந்தால், ‘உனக்கு நாளைக்கு நேரம் இருக்கு’ என்று சொல்லிவிட்டு மூச்சை எண்ணுங்கள். முதல் வாரம் அது கேட்காது, விடாமல் செய்யுங்கள்.

உங்கள் ஆலைக் கோப்பியையும் கொஞ்சம் பாருங்கள். கோப்பியில் உள்ள கஃபீனில் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். காலை 8 மணிக்குப் படுப்பவர் அதிகாலை 2 மணிக்குமேல் கோப்பி குடித்தால், எந்தப் பயிற்சியும் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அறைக்குக் கனமான திரை போடுங்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டுகிறார். குலை குறையும் மாதங்களில் சம்பளம் பாதியாகிவிடுகிறது, தவணைகள் நிற்கின்றன. ‘நல்லதே நடக்கும்னு நினைம்மா’ என்கிறார் மாமியார். நானும் நினைக்கிறேன், ஆனால் ஒன்றும் மாறவில்லை.

பதில்: மாறாததற்குக் காரணம் இருக்கிறது. கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் ஜெர்மனியில் பட்டம் முடித்தவர்களை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்தார். நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அதிகம் கனவு கண்டவர்கள் குறைவாகவே விண்ணப்பித்தார்கள், அவர்களுக்கு வேலை வாய்ப்பும் சம்பளமும் குறைவாகவே கிடைத்தன. கனவிலேயே மனம் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதால் கால் நடக்க மறுக்கிறது.

அவர் சொல்லும் வழியில் நல்ல நினைப்போடு தடையும் சேர்ந்து வரும். உங்கள் கணக்கில் பார்ப்போம். ஆசை: பிப்ரவரியில் தவணை நிற்கக் கூடாது. பலன்: இரவில் போன் அடித்தால் பயப்படாமல் இருப்பது, அதை ஒரு நிமிடம் கண்முன் கொண்டுவாருங்கள். பிறகு தடை. இங்கே ‘சம்பளம் போதவில்லை’ என்று எழுதிவிட்டு நிறுத்த வேண்டாம், உங்களுக்குள் இருக்கும் தடையைத் தேடுங்கள். குலை அதிகம் விழும் செப்டம்பர், அக்டோபரில் பணம் கூட வரும்போது, உறவுக்காரர் கைமாற்றுக் கேட்டால் இல்லை என்று சொல்ல வாய் வருவதில்லையா? அதுதான் தடை. கடைசியில் ‘இப்படி நடந்தால், இப்படிச் செய்வேன்’ என்று ஒரே வரி: ‘சம்பளம் வந்த அன்றே, கடைக்குப் போகும் முன்னால், 80 வெள்ளியை (ரிங்கிட்) தனிக் கணக்கில் போடுவேன். யாராவது கேட்டால், இந்த மாசம் தவணைக்குக் கட்டியாச்சு என்று சொல்வேன்.’ தொகை உங்கள் வசதி. நாளும் சொல்ல வேண்டிய சொல்லும் முன்கூட்டியே முடிவாகியிருப்பதுதான் முக்கியம்.

தவணை ஏற்கெனவே நின்றுவிட்டால் நினைப்பை விடுங்கள், ஏகேபிகே அலுவலகத்துக்குப் போங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு அது, ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை, ஈப்போவில் கிளை இருக்கிறது. வங்கிக் கடனுக்கு மாதம் கட்டக்கூடிய தொகையை மாற்றி அமைக்க உதவுவார்கள். அதை அடைக்க ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரரிடம்) கடன் வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: மகள் எஸ்.பி.எம். (இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) எழுதப் போகிறாள். தேர்வு மண்டபத்தில் படபடப்பு. ‘பயப்படாதே’ என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை.

பதில்: படபடக்கும் உடம்பை ‘அமைதியாகு’ என்று அடக்குவது கடினம். ‘தயாராகிறேன்’ என்று பெயர் மாற்றுவது எளிது, ஏனென்றால் பயத்துக்கும் உற்சாகத்துக்கும் இதயம் ஒரே மாதிரிதான் துடிக்கும். ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றத்தை உற்சாகம் என்று தமக்கே சொல்லிக்கொண்டவர்கள், அமைதியாக முயன்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள், கணக்கும் போட்டார்கள். தேர்வன்று காலையில், மனதில் உள்ள பயத்தையெல்லாம் பத்து நிமிடம் தாளில் கொட்டச் சொல்லுங்கள், நீங்கள் படிக்க வேண்டாம். ‘பயப்படாதே’க்குப் பதிலாக ‘உடம்பு தயாராகுதும்மா’ என்று சொல்லுங்கள்.

கேள்வி: நன்றி நோட்டு எழுதுகிறேன். தினமும் ‘குடும்பம், சுகம், சாப்பாடு’ என்றே வருகிறது. சலித்துவிட்டது.

பதில்: தினமும் வேண்டாம். வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வந்த பிறகு எழுதுங்கள். மூன்று போதும், ஆனால் ‘ஏன் நடந்தது’ என்பதையும் சேருங்கள். ‘சாப்பாடு’ என்பதைவிட, ‘மழையில் நனைந்து வந்தேன், பக்கத்து வீட்டு அக்கா ரசம் கொடுத்தனுப்பினார், கேட்காமலே’ என்பது மனதில் தங்கும்.

கேள்வி: அப்பா நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவர். தோட்டத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்ததிலிருந்து பேசுவதில்லை, சாப்பாடு குறைந்துவிட்டது, ‘நான் உங்களுக்குப் பாரம்’ என்கிறார். நல்ல வார்த்தை சொல்லித் தேற்றுகிறோம். டாக்டரிடம் போனால் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

பதில்: இங்கே நல்ல வார்த்தை மட்டும் போதாது. ‘அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா’ என்றால் அவர் பேச்சை நிறுத்துவார், நினைப்பை அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து, ‘உயிரோடு இருக்க வேண்டாம்னு தோணுதாப்பா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது.

சோர்வும் பசியின்மையும் பேச்சுக் குறைவும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். வெளிநோயாளிக் கட்டணம் குடிமக்களுக்கு 1 வெள்ளி. கேள்வித்தாள் வைத்து மனநிலையைப் பார்ப்பார்கள், தைராய்டு, சர்க்கரை போன்ற உடல் காரணம் உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு மருந்து வாங்கும் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே குணமாகிறார்கள். தஞ்சோங் ரம்புத்தானில் 1911-இல் தொடங்கிய மருத்துவமனையும் இன்று மற்ற மருத்துவமனைகளைப் போல வெளிநோயாளிகளைப் பார்த்து அனுப்புகிறது.

‘ஆமாம், தோணுது’ என்று சொன்னால் தனியாக விடாதீர்கள். பூச்சி மருந்து, களைக்கொல்லி எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது, இன்றே அப்புறப்படுத்துங்கள். அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டதால், உண்மையைச் சொன்னால் போலீஸ் வழக்கு வரும் என்ற பயம் வேண்டாம். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவித் தொலைபேசி எண் 15555. மனம்விட்டுப் பேச பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-76272929.