சாகடிப்பதா, திருத்துவதா? தவறு செய்த நாயகனுக்கு முடிவு எழுதும் விதம்

கேள்வி: பத்து அத்தியாயங்கள் கொண்ட தொலைக்காட்சித் தொடருக்குத் திரைக்கதை எழுதிவருகிறேன். நாயகன் பெயர்பெற்ற அறுவை சிகிச்சை மருத்துவர். முதல் அத்தியாயத்தில், "ஒரு பஞ்சு குறைகிறது" என்று செவிலி சொல்லியும் கேட்காமல் வயிற்றைத் தைத்து மூடிவிடுகிறான். நோயாளி இறந்துபோகிறார். எண்ணிக்கை சரி என்று செவிலி சொன்னதாகச் சிகிச்சைக் குறிப்பை மாற்றி எழுதுகிறான். அவளுக்கு வேலை போய்விடுகிறது. ஒன்பது அத்தியாயங்களை எழுதி முடித்துவிட்டேன். நாயகன் விபத்தில் சாக வேண்டும் என்கிறார் தயாரிப்பாளர். சிக்கலான அறுவை சிகிச்சை ஒன்றில் ஒரு குழந்தையைக் காப்பாற்றி எல்லோருடைய மன்னிப்பையும் பெற வேண்டும் என்கிறார் என்னோடு எழுதுபவர். எந்த முடிவு சரி?

பதில்: இரண்டையும் விட்டுவிடுங்கள். காரணம் உங்கள் கதைக்குள்ளேயே இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய கதைச் சுருக்கத்தில் ஒரு வசனம் நான்கு அத்தியாயங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. "எனக்கு உரிமம் போய்விட்டால், இனி வரும் நோயாளிகளை யார் காப்பாற்றுவது?" மனைவியிடம் சொல்கிறான். தலைமை மருத்துவரிடம் சொல்கிறான். அறுவை அரங்குக்குள் நுழையுமுன் கை கழுவிக்கொண்டே தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறான். உங்கள் தொடரின் உயிர்நாடி இந்த வசனம்தான். பஞ்சு விடுபட்டது ஒரு நிமிடத் தவறு. அதன் மேல் அவன் எழுப்பிக்கொண்ட இந்தப் பொய்யில்தான் தொடர் முழுவதும் குடியிருக்கிறான். கடைசி அத்தியாயத்துக்கு வரும் பார்வையாளர், அந்தப் பொய் என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் வருகிறார்.

இப்போது குழந்தையைக் காப்பாற்றும் முடிவை எடுத்துப் பாருங்கள். அவன் கத்தியைக் கையில் எடுக்கிறான், குழந்தை பிழைக்கிறது, எல்லோரும் கண்கலங்குகிறார்கள். அப்படியானால் அவன் இத்தனை நாள் சொல்லிவந்தது சரிதானே? உரிமத்தைக் காப்பாற்றிக்கொண்டதால்தானே இந்தக் குழந்தைக்கு உயிர் கிடைத்தது? செவிலியின் வாழ்க்கை அதற்குக் கொடுத்த விலை என்று உங்கள் தொடரே தீர்ப்பு எழுதிவிடுகிறது. நீங்கள் மனதில் நினைத்தது அதுவாக இருக்காது என்று நம்புகிறேன். ஆனால் திரையில் போய் நிற்பது அதுதான்.

விபத்தில் சாவது இன்னும் எளிதான தப்பித்தல். லாரி வந்து மோதுவதற்கு நாயகன் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அவனிடம் ஒன்பது அத்தியாயங்களாகக் கேட்ட கேள்வி, பதில் வராமலேயே புதைந்துவிடும்.

சாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 'பிரேக்கிங் பேட்' தொடரில் போதைப்பொருள் தயாரிக்கத் தொடங்கும் வேதியியல் ஆசிரியன் வால்டர் ஒயிட், 2013இல் வந்த கடைசி அத்தியாயத்தில் சாகத்தான் செய்கிறான். ஐந்து பருவங்களாக அவன் ஓதிவந்த மந்திரம், எல்லாம் குடும்பத்துக்காக என்பது. சாவதற்கு முன் மனைவி ஸ்கைலரின் சிறிய வீட்டில் நின்று, எல்லாவற்றையும் தனக்காகவே செய்ததாகவும் அது தனக்குப் பிடித்திருந்ததாகவும் ஒப்புக்கொள்கிறான். பிறகு வரும் துப்பாக்கிச் சூடுகளைவிட அந்த வாக்குமூலம்தான் கதையை முடித்துவைக்கிறது. யாரிடம் சொல்கிறான் என்பதைக் கவனியுங்கள். அந்தப் பொய்யை நாள்தோறும் கேட்டு, அதன் விலையையும் கொடுத்தவளிடம் சொல்கிறான்.

அதே உலகில் நடக்கும் 'பெட்டர் கால் சால்' 2022இல் முடிந்த விதம் உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. அதன் நாயகன் சால், வாய்ச் சாதுரியத்தாலேயே பிழைத்த வழக்கறிஞன். பிடிபட்ட பிறகும் அரசுத் தரப்போடு பேரம் பேசி, ஆயுள் முழுக்கச் சிறையில் கழிக்க வேண்டிய தண்டனையை ஏழு ஆண்டுகள் அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறான். பிறகு, முன்னாள் மனைவி கிம் பார்த்துக்கொண்டிருக்க, நீதிமன்றத்தில் அந்தப் பேரத்தைத் தானே உடைத்துப் போடுகிறான். கிடைப்பது 86 ஆண்டுகள். அந்த முடிவுக்கு வலு எங்கிருந்து வருகிறது? தப்பிக்கும் வழி அவன் கையிலேயே இருந்தது, வேண்டாம் என்று அவனே வைத்தான். மாட்டிக்கொண்டவன் உண்மையைச் சொல்வதில் பெரிதாக ஒன்றுமில்லை.

நாயகன் திருந்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 'தி ஷீல்ட்' தொடரின் காவல் அதிகாரி விக் மேக்கி, முதல் அத்தியாயத்தின் முடிவில் சக காவலர் ஒருவரைச் சுட்டுக் கொல்கிறான். 2008இல் வந்த முடிவில், தண்டனையிலிருந்து முழுப் பாதுகாப்பு வாங்கிக்கொண்ட பிறகே எல்லாக் குற்றங்களையும் வரிசையாக ஒப்பிக்கிறான். சிறை இல்லை, சாவும் இல்லை. தெருவில் புலியாகத் திரிந்தவனுக்கு ஒரு கோட்டும், மேசையும், தட்டச்சு செய்ய வேண்டிய அறிக்கைகளும் கிடைக்கின்றன. நண்பர்கள் யாரும் இல்லை, குடும்பம் எங்கே என்றும் தெரியாது. இவ்வளவு கொடிய தண்டனையை நான் தொலைக்காட்சியில் அதிகம் பார்த்ததில்லை.

திரையை இருட்டாக்கி முடித்துவிடலாமா என்ற எண்ணம் வந்தால், 'தி சோப்ரனோஸ்' தொடரை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். 2007இல் வந்த அந்தத் திடீர் இருட்டுக்கு, அதே பருவத்தில் ஏரியில் படகில் உட்கார்ந்து சாவைப் பற்றி இருவர் பேசும் காட்சி முன்பே விதை போட்டிருந்தது. விதை போடாமல் திரையை மட்டும் அணைத்தால், எழுத்தாளருக்கே முடிவு தெரியவில்லை என்றுதான் பார்வையாளர் நினைப்பார்.

விதை என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் நாயகிகளில் ஒருத்தியான டனேரிஸ் கொடுங்கோலியாக மாறியதில் எனக்குக் குறையில்லை. அவசரமாக மாறியதில்தான் குறை. முதல் ஆறு பருவங்களுக்குப் பத்துப் பத்து அத்தியாயங்கள். ஏழாவதுக்கு ஏழு, எட்டாவதுக்கு ஆறு. திருப்பம் பெரிதாகப் பெரிதாக, அதற்கான இடம் குறைந்துகொண்டே போனது. ஆகவே உங்கள் முடிவைப் பத்தாவது அத்தியாயத்தில் மட்டும் எழுதிவிட முடியாது. ஒன்பதாவதைத் திறந்து கொஞ்சம் பிரிக்க வேண்டியிருக்கும்.

நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். ஒன்பதாவது அத்தியாயத்தில் ஒரு சாதாரண அறுவை சிகிச்சை. ஆபத்து எதுவும் இல்லை, பரபரப்பான இசையும் வேண்டாம். அவன் தைக்கத் தொடங்கும்போது புதிய செவிலி ஒருத்தி, பயந்த குரலில், "ஒரு பஞ்சு குறைகிறது, டாக்டர்" என்கிறாள். முதல் அத்தியாயத்தின் அதே சொற்கள். ஊசி பிடித்த கை அப்படியே நிற்கிறது. மறுபடி எண்ணச் சொல்கிறான். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் எண்ணுவதை வெட்டாமல் முழுவதும் காட்டுங்கள். நோயாளியின் மேல் விரித்த துணியின் மடிப்பில் அந்தப் பஞ்சு கிடைக்கிறது. யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. மறுபடி எண்ணுவதற்கு ஆனது சில நிமிடங்கள்தான் என்பது அவனுக்கு அங்கே உறைக்கிறது. அந்தச் சில நிமிடங்களைத்தான் அன்று பழைய செவிலிக்கு அவன் கொடுக்கவில்லை.

அதன் பிறகு பத்தாவது அத்தியாயத்தில் விசாரணைக் குழு. வழக்கை முடித்துவைக்கக் குழு தயாராக இருக்க வேண்டும். ஒரு கையெழுத்துப் போட்டால் வெளியே போய்விடலாம் என்ற நிலை அவனுக்கு வர வேண்டும். அங்கே அவன் திருத்தி எழுதிய குறிப்பை வாய்விட்டுப் படிக்கட்டும். எந்த வரியை எப்போது மாற்றினான் என்று சொல்லட்டும். நீண்ட உரை வேண்டாம், அழுகை வேண்டாம். உரிமம் போகட்டும். வழக்கமான அந்த வசனத்தை இந்த முறை வேறு யாராவது சொல்லட்டும், தலைமை மருத்துவரே சொல்லலாம்: "இனி வரும் நோயாளிகளை யார் காப்பாற்றுவது?" அவன் இன்னொரு மருத்துவரின் பெயரைச் சொல்கிறான். அவ்வளவு போதும்.

மன்னிப்பை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அவன் உண்மையைச் சொன்னதற்குப் பரிசாக, வேலை இழந்த அந்தச் செவிலி மன்னிப்பைத் தர வேண்டியதில்லை. அவள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறாள், எழுந்து போகிறாள். வாசலில் அவன் காத்திருந்தால், அவள் என்ன சொல்வாள் என்று அவள் பக்கம் நின்று முதலில் எழுதிப் பாருங்கள். அவள் ஒன்றுமே சொல்ல மாட்டாள் என்று தோன்றினால் அப்படியே விடுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு தடை இருக்கிறது. உங்கள் சுருக்கத்தின்படி, வேலை போன பிறகு அந்தச் செவிலி மூன்றாவது அத்தியாயத்தோடு மறைந்து, ஒன்பதாவதில்தான் திரும்பி வருகிறாள். அத்தனை நாள் பார்க்காத ஒருத்தியின் முகம் கடைசிக் காட்சியைத் தாங்காது. ஐந்திலும் ஏழிலும் அவளுக்கு இரண்டு இரண்டு நிமிடங்கள் கொடுங்கள். நாயகன் அந்தக் காட்சிகளில் வேண்டாம். கிடைத்த ஏதோ ஒரு வேலையில் அவள் இருக்கட்டும், பெட்டிகளில் பொருள்களை அடுக்கட்டும். எண்ணி முடித்த பெட்டியை மூடப்போகும்போது கை தயங்கி, மறுபடி திறந்து முதலிலிருந்து எண்ணட்டும். அந்த இரண்டு காட்சிகளை எழுதிவிட்டுப் பத்தாவதுக்கு வாருங்கள்.