செயலி, வரி, சரக்குக் கணக்கு: கடைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

தொகைகள் எல்லாம் சிங்கப்பூர் வெள்ளியில். கணக்குகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி (பிரியாணிக் கடை, சிராங்கூன் சாலை): அண்ணே, டெலிவரி செயலியில் விற்பனை ஏறிக்கிட்டே போகுது, மாசக் கடைசியில் கையில் ஒண்ணும் நிக்கல. விட்டுடலாமா?

பதில்: விட வேண்டாம். நேரம் பார்த்துத் திறந்து மூடுங்கள்.

ஒரு பொட்டலத்தின் கணக்கை எழுதுவோம். நீங்கள் பொருள் சேவை வரிக்குப் பதியாதவர் என்று வைத்துக்கொள்கிறேன். செயலியில் விலை 12.00. கமிஷன் 30 விழுக்காடு என்றால் 3.60. கமிஷன்மேல் 9 விழுக்காடு வரி, 32 காசு. கைக்கு வருவது 8.08. அரிசி, கறி, எண்ணெய், எரிவாயு 4.20; டப்பாவும் பையும் 70 காசு. மிச்சம் 3.18. அதே பிரியாணியைக் கடையில் 10 வெள்ளிக்குத் தட்டில் போட்டால் மிச்சம் 5.80.

பகல் 12 முதல் 2 வரை வாசலில் வரிசை நிற்கும்போது, செயலி ஆர்டருக்காக ஒருவர் திரும்பிப் போனால் 2.62 நட்டம். மாலை 4 மணிக்கு மாஸ்டர் சும்மா நிற்கும்போது வரும் ஆர்டர் அப்படியல்ல. வாடகையும் சம்பளமும் எப்படியும் கொடுத்தாக வேண்டியவை என்பதால் 3.18 முழுக்க லாபம். ஆகவே மதிய நெரிசலில் செயலியை நிறுத்தி வையுங்கள், அல்லது பட்டியலைச் சுருக்குங்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை தள்ளுபடி. '20 விழுக்காடு கழிவு, கடைக்காரர் பொறுப்பில்' என்று ஒரு பொத்தான் வரும். விலை 9.60 ஆகும். பழைய விலைக்கே கமிஷன் பிடிக்கும் ஒப்பந்தமாக இருந்தால் 3.92 போய்விடும், பொருளுக்கும் டப்பாவுக்கும் 4.90. மிச்சம் 78 காசு. விற்பனை ஏறி, பணம் நிற்காமல் போவதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான். கமிஷன் எந்த விலைமேல் என்பதை ஒப்பந்தத்தில் இன்றே படியுங்கள்.

கேள்வி (மளிகை மொத்த, சில்லறை வியாபாரம், தேக்கா): விற்றுமுதல் 10 லட்சம் வெள்ளியை நெருங்குது. பொருள் சேவை வரிக்குப் பதிஞ்சா லாபம் செத்துடும்னு பயமா இருக்கு. வேற பேர்ல இன்னொரு கம்பெனி போடலாமா?

பதில்: போடாதீர்கள். வரிக்காகவே வியாபாரத்தைப் பிரித்தால் உள்நாட்டு வருவாய் ஆணையம் அவற்றை ஒன்றாகவே கருதலாம். ஜனவரி முதல் டிசம்பர் வரை வரிக்குரிய விற்றுமுதல் 10 லட்சத்தைத் தாண்டினால், அடுத்த ஜனவரி 30க்குள் விண்ணப்பிக்க வேண்டும். அடுத்த 12 மாதங்களில் தாண்டும் என்று உறுதியாகத் தெரிந்தால் 30 நாளைக்குள்.

பயத்தைக் கணக்கில் பார்ப்போம். 10 வெள்ளிக்கு விற்கும் பொருள், கொள்முதல் 8.00, வரி 72 காசு, ஆக 8.72. இன்று லாபம் 1.28. பதிந்த பிறகு விலையை ஏற்றாவிட்டால் அந்த 10 வெள்ளியிலேயே வரி 83 காசு அடங்கிவிடும், உங்களுக்கு 9.17, ஆனால் அந்த 72 காசைத் திரும்பக் கோரலாம், கொள்முதல் 8.00 ஆகிவிடும். லாபம் 1.17. குறைவது 11 காசுதான்!

வரிக்குப் பதியாத சிறு விநியோகிப்பாளரிடம் அதே பொருளை 8.72க்கு வாங்கினால் கதை வேறு: 9.17இல் 8.72 போக 45 காசு. ஆகவே பதியும் முன் விநியோகிப்பாளர் பட்டியலை எடுத்து, யார் பதிந்தவர், யார் பதியாதவர் என்று பிரித்துப் பாருங்கள். பதியாதவரிடம் விலையைப் பேசிக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆளை மாற்றுங்கள்.

கேள்வி (மினிமார்ட், உட்லண்ட்ஸ்): பிஓஎஸ், அதாவது பில் போட்டுச் சரக்குக் கணக்கு வைக்கிற மென்பொருள் வாங்கி ஒரு வருஷமாச்சு சார். கணினியில் 40 பாக்கெட், அலமாரியில் 11. மென்பொருளை மாத்தணுமா?

பதில்: மாற்றினாலும் இதே கதைதான். முதல் காரணம் மூட்டை: 25 கிலோ பருப்பைப் பிரித்து ஒரு கிலோ பாக்கெட் போடுகிறீர்கள், மூட்டை கழிந்து 25 பாக்கெட் ஏறியதாக யாரும் பதிவதில்லை. அடுத்து, சரக்கு அலமாரிக்குப் போன பிறகுதான் கொள்முதல் விலைச்சீட்டு கணினிக்கு வருகிறது. பூச்சி பிடித்தது, காலாவதியானது, வீட்டுக்கு எடுத்துப்போனது எதற்கும் பதிவில்லை. கடைசியாகச் சொன்னதைக் கேட்டால் எல்லாரும் சிரிப்பார்கள்.

எல்லாப் பொருளையும் ஒரே நாளில் எண்ணாதீர்கள். அதிகம் விற்கும் 100 பொருளை மட்டும் எடுத்து, கடை திறக்கும் முன் தினம் 20 எண்ணுங்கள். ஐந்து நாளில் ஒரு சுற்று. எண்ணிக்கை ஒத்துப்போன பிறகு மறுஆர்டர் அளவு: தினம் 6 மூட்டை பொன்னி, சரக்கு வர 21 நாள், கப்பல் தாமதத்துக்கு 5 நாள் என்றால் 156 மூட்டை இருக்கும்போதே ஆர்டர் போக வேண்டும்.

புது மென்பொருளுக்கு பிஎஸ்ஜி என்ற அரசாங்க மானியம் பார்ப்பதாக இருந்தால், விண்ணப்பிக்கும் முன் கையெழுத்துப் போடவோ முன்பணம் கட்டவோ கூடாது.

கேள்வி (சேலை, ரவிக்கைத் தையல், தோ பாயோ): ஜொகூர் போற ஆளுங்க, ஆன்லைன்ல வாங்குற ஆளுங்க, ரெண்டு பக்கமும் அடி. விலையைக் குறைக்கட்டுமா?

பதில்: ரெடிமேடில் விலைப் போட்டி வேண்டாம். வரி உங்களைக் காப்பாற்றாது: 2023 ஜனவரியிலிருந்து 400 வெள்ளி வரையிலான வெளிநாட்டு ஆன்லைன் பொருளுக்கும், பதிந்த விற்பனையாளர் வரி வசூலிக்கிறார் என்றாலும், ஜொகூர் போய் 48 மணி நேரத்துக்குள் திரும்புகிறவருக்கு முதல் 100 வெள்ளிக்கு வரி இல்லை. சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் ஓடத் தொடங்கினால், உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஐந்து நிமிடப் பயணம்தான்.

ஆனால் ரவிக்கைக்கு அளவெடுக்க ஆள் நேரில் வரவேண்டும், சரியில்லையென்றால் திரும்பவும் வரவேண்டும். அதை விற்பனை செய்யுங்கள்: இரண்டு நாளில் தைத்துத் தருவதற்குத் தனிக் கட்டணம். அளவுகளைத் தொலைபேசி எண்ணோடு சேமித்து, எழுத்தில் அனுமதி வாங்கி, தீபாவளிக்கு எட்டு வாரம் முன்பே செய்தி அனுப்புங்கள். அடையாள அட்டை எண் கேட்காதீர்கள், தேவையே இல்லை.

கேள்வி (பரிசுப்பொருள் கடை): பணம் அனுப்புற நம்ம பேநவும் இந்தியாவோட யுபிஐயும் இணைஞ்சாச்சே, இந்தியப் பயணிகள் என் பேநவ் கியூஆரை ஸ்கேன் பண்ணலாமா?

பதில்: முடியாது. 2023 பிப்ரவரி 21இல் தொடங்கியது ஆளுக்கு ஆள் பணம் அனுப்பும் இணைப்பு. கடையில் யுபிஐ வாங்க, அதை ஏற்கும் கட்டண நிறுவனத்தோடு தனி ஏற்பாடு வேண்டும். கட்டண விகிதம், பணம் கணக்குக்கு வர எத்தனை நாள், திருப்பித்தரும்போது கட்டணம் யார் தலையில் என்ற மூன்றையும் கேட்டுக்கொண்டு கையெழுத்திடுங்கள்.