தண்ணீர் கொட்டிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை

கேள்வி: காது கேளாத நான் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். தவறுதலாகத் தண்ணீர் பெருகி வீட்டுக்குச் சேதம் வந்தால் என்ன செய்வது, வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவது?

எனக்கு இது நடந்திருக்கிறது. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு மாடி வீட்டில் ஆறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். பிறவியிலிருந்தே இரண்டு காதும் கேட்காது. கீழ் வீட்டில் வீட்டுக்கார அம்மாவும் பேத்தியும் இருக்கிறார்கள்.

கேரளம் என்றாலும் சித்தூர்ப் பக்கம் மழை குறைவு. ஆழியாற்றுத் தண்ணீரை எதிர்பார்த்துத்தான் இங்கே விவசாயம். வீட்டுக் குழாயிலும் தண்ணீர் நினைத்த நேரத்தில் வராது. அன்று இரவு சமையலறைக் குழாயைத் திறந்தேன், சொட்டுக்கூட வரவில்லை. மூட மறந்து படுத்துவிட்டேன். தொட்டியின் துளையை ஒரு தட்டு அடைத்துக்கொண்டிருந்தது. விடியற்காலையில் பாய் நனைந்து முதுகு சில்லிட்டபோதுதான் விழித்தேன். சன்னல் வழியாக டார்ச் வெளிச்சம் சுவரில் அலைந்துகொண்டிருந்தது. அம்மா வெகுநேரமாகக் கதவைத் தட்டியிருக்கிறார்.

முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள், துடைப்பதெல்லாம் பிறகு. கீழ் வீட்டில் மின்விசிறியின் கம்பி வழியாகத் தண்ணீர் இறங்கி, ஒவ்வொரு இறக்கையின் நுனியிலும் திரண்டு நின்று சொட்டியது. அந்த விசிறியை யாராவது போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். பின்னர் அளந்து பார்த்தேன்: அந்தக் குழாய் 15 லிட்டர் வாளியை ஒன்றரை நிமிடத்தில் நிரப்புகிறது. ஒரு மணி நேரத்துக்கு 600 லிட்டர்.

பேச்சுதான் சேதத்தைவிடக் கடினமாக இருந்தது. நான் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்பவன். 'ப'வுக்கும் 'ம'வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். அம்மா "மனசு கஷ்டமாக இருக்கிறது" என்றார். நான் "பணம்" என்று நினைத்துப் பர்ஸை எடுத்து நீட்டினேன். அவர் முகம் வாடிப்போயிற்று. எழுதிக் காட்டவும் வழியில்லை: அவர் வீட்டில் பேசுவது தமிழ், படித்தது மலையாளம், எனக்குத் தமிழ் எழுத்து மட்டுமே தெரியும். பேத்தி நடுவில் உட்கார்ந்து இரண்டு எழுத்திலும் எழுதித் தந்த பிறகுதான் பேச்சு நேரானது. அப்படி ஒருவரை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயை மூடாதது என் தவறு. அதை ஒப்புக்கொண்டேன். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 108ஆம் பிரிவின்படி, இயல்பான தேய்மானம் போக, வாடகைக்கு எடுத்தபோது இருந்த நிலையிலேயே வீட்டை வைத்திருப்பது குடியிருப்பவரின் பொறுப்பு. கூரைப் பூச்சுக்கு 3,800 ரூபாய் கொடுத்தேன். உடனே வர்ணம் அடிக்க வேண்டாம். கான்கிரீட் உள்ளே ஈரம் இருந்தால் உப்புப் பூத்துப் புது வர்ணமும் உரிந்துவிடும்.

ஆனால் உறவினர் ஒருவர் வந்து, "காது கேட்காதவருக்கு வீடு விட்டால் இப்படித்தான்" என்றபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. குழாயை மூட மறப்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. மாற்றுத்திறனாளி என்பதற்காகப் பாகுபாடு காட்டக்கூடாது என்பதை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. செய்த சேதத்துக்குக் காசு கொடுங்கள். காது கேளாததற்காக மன்னிப்புக் கேட்காதீர்கள். நான் கேட்டுப் பழகியவன், அதனால் சொல்கிறேன்.

இப்போது தரையில் ஈரம் பட்டால் கைபேசியை அதிரவைக்கும் சிறு கருவி ஒன்று தொட்டிக்கு அடியில் இருக்கிறது. இரவில் கைபேசி தலையணைக்கு அடியில். அழைப்பு மணிக்குப் பதிலாக, கீழிருந்து அழுத்தினால் என் அறையில் எரியும் சிவப்பு விளக்கை எலக்ட்ரீஷியன் மாட்டித் தந்தார். குழாயில் தண்ணீர் வந்தால் அம்மா இரண்டு முறை அழுத்துவார். எழுந்து போய்க் குடத்தை வைப்பேன்.