பள்ளியில் தோழிகளே இல்லாத பன்னிரண்டு வயது மகளுக்குப் பெற்றோர் எப்படி உதவலாம்?

நீங்கள் குறிப்பிடவில்லை என்றாலும், அண்மையில் ஊர் மாறி வந்த குடும்பம் என்றே ஊகிக்கிறேன். ஏழாம் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளையின் நிலை, எல்லா இருக்கையிலும் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்ட பேருந்தில் கடைசியாக ஏறியவரின் நிலைதான். நான் உளவியல் படித்தவன் அல்லன். ஒரே தவறை மாதக்கணக்கில் நாள் தவறாமல் செய்த தகப்பன் என்ற தகுதியில் மட்டுமே இதை எழுதுகிறேன்.

2022இல் நெய்வேலி நகரியத்திலிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்துக்குக் குடிவந்தோம். நெய்வேலியில் மாலை ஐந்து மணிக்குத் தெருவில் இறங்கினால் பெரியதும் சிறியதுமாகப் பத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். இங்கே எங்கள் அடுக்ககத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் பந்து விளையாடக் கூடாது என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். வகுப்பிலோ, மூன்றாம் வகுப்பு முதல் ஒன்றாகப் படித்தவர்கள் ஏற்கெனவே நால்வர் ஐவராகச் சேர்ந்துவிட்டிருந்தனர். வாட்ஸாப்பில் கணக்குத் தொடங்கவே 13 வயதாக வேண்டும் என்றிருக்க, அவர்கள் அம்மாக்களின் கைப்பேசியில் குழு வைத்திருந்தார்கள். அதில் இல்லாத என் மகளுக்கு மறுநாள் அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதே விளங்கவில்லை.

அவள் வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றும் முன்பே நான் கேட்பேன்: "இன்னிக்கு யாரோட சாப்பிட்ட?" இரண்டு மாதங்கள் "யாரும் இல்லப்பா" என்றே பதில் வந்தது. பிறகு ஒரு நாள் ஒரு பெயரைச் சொன்னாள். அந்தச் சிறுமிக்குக் கத்தரிக்காய் பிடிக்காது, அவள் அப்பாவுக்கு முதுநகர்த் துறைமுகத்தில் வேலை, வீட்டில் ஒரு வெள்ளைப் பூனை என்று நாளுக்கொரு செய்தி சேர்ந்தது. நான் மனம் குளிர்ந்துபோய், இருவருக்கும் போதுமான அளவு எலுமிச்சை சாதம் கட்டித் தரும்படி மனைவியிடம் சொன்னேன். டப்பா நாள்தோறும் காலியாகவே திரும்பியது.

பெற்றோர் கூட்டத்தன்று வகுப்பாசிரியையிடம் அந்தச் சிறுமியைப் பற்றி நன்றியோடு விசாரித்தபோது, அப்படி ஒரு மாணவி வகுப்பில் மட்டுமல்ல, பள்ளியிலேயே இல்லை என்றார். இருவர் சோற்றையும் என் மகளே தின்று தீர்த்திருக்கிறாள். அந்த மாதங்களில் அடிக்கடி வந்த வயிற்று வலிக்கு மருத்துவரிடம் வேறு அழைத்துப் போயிருந்தோம். திரும்பும் வழியில் கெடிலம் பாலத்தருகே வண்டியை நிறுத்தி ஏனென்று கேட்டேன். "யாரும் இல்லன்னா உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுதுப்பா," என்றாள்.

எனவே உங்களுக்கு நான் சொல்வது, முதலில் அந்தக் கேள்வியை நிறுத்துங்கள். தனியாகச் சாப்பிடுவது அவளுக்கு எவ்வளவு பாரமாக இருந்ததோ அறியேன். என் கவலையையும் சேர்த்துச் சுமந்ததுதான் அவளைப் பொய் சொல்ல வைத்தது. பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்கிறான் என்று யாரும் பின்னூட்டமிட வேண்டாம். அடிப்பது, பட்டப்பெயர் வைத்து அழ வைப்பது, காசு பிடுங்குவது, படம் எடுத்து மிரட்டுவது என்று எதுவும் நடந்தால் அன்றே பள்ளிக்குச் சென்று பேசத்தான் வேண்டும். குழந்தைகளுக்கான 1098 என்ற இலவச எண்ணையும் பிள்ளைக்கே சொல்லி வைக்க வேண்டும். யாரும் சேர்த்துக்கொள்ளாமல் இருப்பது வேறு, துன்புறுத்தப்படுவது வேறு.

பள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறளில் நட்பைப் பற்றி 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு தீ நட்பும் கூடா நட்பும். இவற்றிலிருந்தெல்லாம் குறள்களை மனப்பாடமாக ஒப்பிக்கச் செய்யும் பள்ளிதான், தேர்வு நெருங்குகிறது என்று விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியருக்குத் தாரைவார்க்கிறது. புதிதாக வந்த பிள்ளை யாருடனாவது சேர்ந்து ஓடுவதற்கு வாரத்தில் இருந்ததே அந்த இரண்டு மணி நேரம்தான்.

மகளின் விருப்பப்படி ஞாயிறு காலைகளில் சில்வர் பீச்சில் சிலம்பம் கற்க அனுப்பினோம். தோழி கிடைப்பாள் என்ற எண்ணம் அப்போது இல்லை. ஆசான் அவளை வேறொரு பள்ளியில் படிக்கும், ஒரு வயது இளையவளான பெண்ணோடு இணை சேர்த்தார். மூன்று வாரம் இருவரும் எண்ணிக்கை தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. நான்காம் வாரம் கம்பு விலகி என் மகளின் விரல் கணுவில் பட்டது. அந்தப் பெண் ஓடிப்போய்த் தன் தண்ணீர்ப் புட்டியை எடுத்து வந்து, மணல் ஒட்டிய அதன் அடிப்பாகத்தைப் பாவாடையில் துடைத்துவிட்டுக் கணுவின் மேல் வைத்து அழுத்தினாள். அடுத்த வாரம் பயிற்சி முடிந்தும் இருவரும் எழுந்து வரவில்லை. வயதும் வகுப்பும் ஒன்றாக இருந்தால்தான் நட்பு என்று நாமாக ஏன் வரையறுத்தோம் என்று அன்று தோன்றியது. உடனே அந்தக் குடும்பத்தையே விருந்துக்கு அழைக்கப் புறப்பட்ட என்னை, நல்ல வேளையாக மனைவி தடுத்துவிட்டாள்.

வகுப்பில் அவள் இன்றும் பல நாள் தனியாகத்தான் சாப்பிடுகிறாள். சென்ற ஞாயிறு இணைப்பெண் காய்ச்சலென்று வரவில்லை. தேவனாம்பட்டினத்தில் அவள் வீட்டருகே வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, கம்பை என் கையில் கொடுத்து உள்ளே போன மகள் அரை மணி நேரம் கழித்து வந்தாள். என்ன பேசினீர்கள் என்ற கேள்வி வாய் வரை வந்தது. கம்பை அவளிடம் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.