கேள்வி நேரம்: திங்கட்கிழமை விடுமுறை

ஞாயிறுக்கு அடுத்தது திங்கள் என்று யார் முடிவு செய்தது? வானத்தில் அப்படி எந்த வரிசையும் இல்லையே?
- காரைக்குடி வாசகி

வானத்து வரிசையிலிருந்துதான் வந்தது, நேராக வரவில்லை. உங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தில் ஹோரைப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாக நகர்வதிலிருந்து வேகமாக நகர்வது வரை ஏழு கிரகங்களையும் அடுக்கினால் சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன். மணிக்கு ஒன்றாக இவை மாறி மாறி வரும். சூரிய உதயத்தில் எந்த ஹோரையோ, அந்த நாளுக்கு அதன் பெயர். ஞாயிறு காலை சூரியனில் தொடங்குங்கள். 21 மணி நேரத்தில் மூன்று சுற்று முடிந்துவிடும். மிச்சம் 3 மணி. அதைச் சூரியன், சுக்கிரன், புதன் எடுத்துக்கொள்ள, 25ஆவது மணியில் சந்திரன் வந்து நிற்கும். அதுதான் மறுநாள் உதயம். இப்படியே எண்ணிக்கொண்டு போனால் செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் தாமாக வந்து விழும். ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

மனிதன் நிலவில் கால் வைத்தது திங்கட்கிழமை என்கிறான் என் பேரன். ஞாயிறு என்று படித்த நினைவு. யார் சரி?
- திருவாரூர் வாசகர்

இரண்டு பேரும். ஆம்ஸ்ட்ராங் ஏணியிலிருந்து இறங்கியபோது அமெரிக்காவில் 1969 ஜூலை 20, ஞாயிறு இரவு. இந்தியாவில் 21ஆம் தேதி, திங்கள் காலை சுமார் 8.26 மணி. நம் கடிகாரப்படி திங்களில் கால் வைத்தது திங்களன்றுதான்.

ஞாயிறு இரவு ஔரங்காபாத் போய்ச் சேருகிறோம். திங்கள், செவ்வாய் இரண்டு நாள்தான் கையில் இருக்கிறது. அஜந்தா, எல்லோரா இரண்டையும் பார்த்துவிட முடியுமா?
- திண்டுக்கல் வாசகர்

முடியும். ஆனால் வரிசை மாறினால் இரண்டுமே போச்சு. அஜந்தாவுக்குத் திங்கள் விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய். தூரமாக இருப்பதை முதலில் முடித்துவிடுவோம் என்று திங்களன்று அஜந்தாவுக்குக் கிளம்பினால், 100 கிலோமீட்டர் போய் வெறும் கையோடு திரும்ப வேண்டியதுதான். மறுநாள் எல்லோராவிலும் அதே கதை. ஆகவே திங்கள் எல்லோரா, செவ்வாய் அஜந்தா.

எல்லோரா 30 கிலோமீட்டர்தான். மொத்தம் 34 குகைகள்: 1 முதல் 12 வரை பௌத்தம், 13 முதல் 29 வரை இந்து, 30 முதல் 34 வரை சமணம். நுழைந்ததும் எதிரே நிற்பது 16ஆம் எண், கைலாசநாதர். எல்லோரும் அதற்குள் பாய்ந்து, அங்கேயே களைத்துவிடுகிறார்கள். நீங்கள் காலையில் 10, 12ஆம் குகைகளுக்குப் போங்கள். பத்தாவதில் கூரையை அண்ணாந்து பாருங்கள்: மரச் சட்டங்கள் போலவே வளைந்து இறங்கும் கல் விலா எலும்புகள். கைலாசநாதர் மேற்குப் பார்த்தவர், முகப்பில் வெயில் விழுவது மதியத்துக்கு மேல்தான். அதற்குள் அவரிடம் போனால் போதும். சமணக் குகைகள் தள்ளி இருக்கின்றன, அதற்கென்று ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

பக்கத்திலேயே கிருஷ்ணேஸ்வர், பன்னிரு ஜோதிர்லிங்கங்களில் ஒன்று. சோமவாரம் என்பதால் வரிசை நீளும். கருவறைக்குள் போக ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். மராட்டியர்களுடைய சிராவண மாதம் நம் ஆடி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும். அந்த மாதத்துத் திங்கள் என்றால் கோயிலையும் குகையையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அஜந்தாவுக்கு இரண்டரை மூன்று மணி நேரம் ஆகும். சொந்த வண்டி குகை வரை போகாது. சாலைச் சந்திப்பில் நிறுத்திவிட்டு, கடைசி 4 கிலோமீட்டருக்கு அங்குள்ள பஸ்தான். ஓவியத்துக்கு 1, 2, 16, 17. முதல் குகையில் கருவறை வாசலுக்கு இடப்பக்கம் தாமரை ஏந்தி நிற்பவர் பத்மபாணி. வெயிலிலிருந்து உள்ளே போனவுடன் ஒன்றும் தெரியாது. உடனே செல்போன் டார்ச்சைத் தட்டுவதுதான் தவறு. ஃபிளாஷுக்குத் தடை உண்டு. அதோடு, அந்த வெளிச்சம் பட்ட இடம் மட்டும் வெளுத்து மற்றதெல்லாம் இன்னும் இருண்டுபோகும். சும்மா இரண்டு மூன்று நிமிடம் நில்லுங்கள், சுவரில் ஒவ்வொரு முகமாகத் தெளிந்து வரும். கால் ஓய்வதற்குள் 26ஆம் குகையில் படுத்திருக்கும் புத்தரையும் பார்த்துவிடுங்கள்.

டெல்லியில் ஒரே ஒரு திங்கட்கிழமை கிடைக்கிறது. எங்கே போகலாம்?
- ஓசூர் வாசகி

செங்கோட்டை, அக்ஷர்தாம், தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம் நான்கும் அன்று மூடல். குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் திறந்திருக்கும். விடியலிலேயே கிளம்ப முடியுமானால் ஆக்ரா போய்விடுங்கள், தாஜ்மகாலுக்கு விடுமுறை வெள்ளிதான்.

ஜப்பானில் திங்கட்கிழமைகளில் அரசு விடுமுறை அதிகமாமே?
- கோவை வாசகர்

ஆமாம், நீண்ட வார இறுதி கிடைக்கட்டும் என்று சில விடுமுறைகளை 2000ஆம் ஆண்டு முதல் திங்களுக்கே நகர்த்தினார்கள். உதாரணமாக, வயதுவந்தோர் நாள் ஜனவரியின் இரண்டாவது திங்கள். சுற்றுலா போகிறவர் கவனிக்க வேண்டியது வேறு: டோக்கியோ தேசிய அருங்காட்சியகம் போன்றவற்றுக்கு வார விடுமுறை திங்கள். அந்தத் திங்கள் அரசு விடுமுறையானால் அன்று திறந்துவிட்டு, செவ்வாயில் மூடுவார்கள். கூட்டம் வேண்டாம் என்று செவ்வாய்க்குத் தள்ளிப்போட்டவர்தான் மாட்டிக்கொள்வார்.

கன்னியாகுமரி போகும் வழியில் பத்மநாபபுரம் அரண்மனை. திங்களன்று போகலாமா?
- விருதுநகர் வாசகி

கூடாது, வார விடுமுறை. தக்கலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையுடையது. திருவனந்தபுரம் போய்விடலாம் என்றால் அங்கே மிருகக்காட்சி சாலைக்கும் திங்கள்தான் விடுமுறை. அன்றைக்கு மாத்தூர் தொட்டிப்பாலம் (115 அடி உயரம், தலை சுற்றுகிறவர்கள் கீழேயே நிற்கலாம்), திற்பரப்பு அருவி என்று வைத்துக்கொண்டு, அரண்மனையைச் செவ்வாய்க்கு மாற்றுங்கள். மதியம் 1 முதல் 2 வரை அடைப்பு என்பதால் காலையில் திறந்ததும் உள்ளே போய்விடுவது நல்லது. செருப்பை வெளியே விட வேண்டும். கண்ணாடி போல மின்னும் அந்தக் கருப்புத் தரையில் சுண்ணாம்போடு சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்திருக்கின்றன. குனிந்து பார்த்தால் உங்கள் முகம் தெரியும்.