கம்பிக்கு எந்தப் பக்கம்?

அன்புள்ள சார்,

மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் 'த கோட்' (The Goat) படத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, எட்டாவது படிக்கும் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மொத்தக் கதையும் ஒரு தற்செயலில்தானே நிற்கிறது? போலீஸ் ஒரு தடவை விசாரித்திருந்தால் முடிந்துபோகிற குழப்பம். நாயகனும் கடைசிவரை முகத்தில் எதையும் காட்டுவதில்லை. இதில் அப்படி என்ன பெருமை?

எஸ்., விழுப்புரம்

அன்புள்ள எஸ்.,

தற்செயல்தான். ஆனால் நம் கண் முன்னாலேயே நடக்கிறது. அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள். டெட் ஷாட் டேன் என்கிற கொலைகாரனைப் பிடித்து வைத்து போலீஸ் புகைப்படம் எடுக்கிறது. தெருவில் போகிற கீட்டன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார். சரியான நொடியில் டேன் குனிந்துவிட, படத்தில் விழுவது கீட்டனின் முகம். அடுத்த படம் எடுப்பதற்குள் தொப்பியால் லென்ஸை மூடிவிடுகிறான். அப்புறம் தப்பியும் விடுகிறான். ஊரெல்லாம் போஸ்டர்.

அந்தப் போஸ்டரில் பொய் எதுவும் இல்லை. முகம் கீட்டனுடையது, கைகளும் அவருடையவை, கம்பியும் நிஜக் கம்பி. அவர் கம்பிக்கு எந்தப் பக்கம் நின்றார் என்பது மட்டும் அதில் தெரியாது. போலீஸ் விசாரித்திருக்கலாமே என்கிறீர்கள். எதற்கு விசாரிப்பார்கள்? புகைப்படம் கையில் இருக்கிறது, ஆளும் போலீஸைப் பார்த்தாலே ஓடுகிறான். அதிர்ஷ்டத்துக்காக கீட்டன் பின்பக்கம் வீசிய லாடம் ஒரு போலீஸ்காரர்மேல் விழுந்த கதை நமக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வரி வசனமும் இல்லாமல் நம்மை இப்படிச் சாட்சியாக்கிவிடுவதைத்தான் நான் பெரிய கலை என்கிறேன்.

தொடக்கத்தையும் கவனியுங்கள். இலவச ரொட்டிக்கான வரிசை என்று நினைத்து, தையல்கடை வாசலில் இருக்கும் பொம்மைகளுக்குப் பின்னால் கீட்டன் பொறுமையாக நிற்கிறார். இந்தப் படத்தில் முதலில் ஆளைத் தவறாக நினைப்பவர் அவர்தான். ஊரே அவரைத் தவறாக நினைப்பது அதற்குப் பிறகு.

முகத்துக்கு வருகிறேன். சிறுவயதிலேயே பெற்றோரோடு 'த்ரீ கீட்டன்ஸ்' என்ற குழுவில் மேடையேறியவர் அவர். தான் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை என்று அங்கேயே கற்றுக்கொண்டார். இந்தக் கதைக்கு அந்த முகம்தான் வேண்டும். ஊர் அதில் கொலைகாரனைப் பார்க்கிறது. தனக்காக ஒருவனிடம் சண்டை போட்டவரை அதே முகத்தில் பார்க்கும் பெண், வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். அவளுடைய அப்பாதான் போலீஸ் தலைவர். மலைபோன்ற ஜோ ராபர்ட்ஸ் அந்த வேடத்தில் வருகிறார். எல்லோரும் தலைகுனிந்து பிரார்த்தனை செய்து நிமிரும்போது இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். உடனே கீட்டன் மேஜைமேல் ஏறி, அப்பாவின் தோளில் கால்வைத்து, கதவுக்கு மேலிருக்கும் சின்ன ஜன்னல் வழியாகப் பாய்ந்து போய்விடுகிறார். பயத்தை முகத்தில் காட்டியிருந்தால் அந்தத் தாவல் இவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது. உடம்பு முழுக்கப் பயம் இருக்கிறது, முகத்தில்தான் இல்லை.

அரை மணிகூட ஓடாத படத்துக்குள் இவ்வளவும் இருக்கிறது. மகளுக்குப் பிடித்திருந்தால் அடுத்து 1922-இல் வந்த 'காப்ஸ்' காட்டுங்கள். 'த கோட்' படத்தை நண்பர்களுக்குச் சொல்லும்போது 1921 என்ற ஆண்டையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விஜய் படம்தான் முதலில் வரும்.